இரண்டு கையிலும் குடம்

மே 4, ஞாயிறு

இடுப்பில் ஒரு குடம், மறு கையில் ஒரு குடம். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போதே தங்கச்சி பூவிழி சிரித்தாள். இன்று நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

ஆற்றுத் தண்ணீர்க் குழாயில் வரிசை நீளமாக இருந்தது. தாமதமாக வந்த ஒருத்தியைப் பார்த்து மாதம்மா அக்கா, "உன் கொடம் விடியறதுக்கு முன்னாடியே வந்து நிக்குது, நீ இப்பத்தான் வர்ற. பேசாம அந்தக் கொடத்தையே உன் புருசனுக்குக் கட்டி வெச்சிருக்கலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பூவிழி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். தண்ணீர் தளும்பி அவள் பாவாடை நனைந்தது. பல் முழுக்கத் தெரிந்தது. தேங்காய்ப் பத்தை மாதிரி இருந்தது.

நானும் சிரித்தேன். என் வலது கை வாய்மேல் இருந்தது. அது எப்போது அங்கே போனது என்று எனக்கே தெரியாது.

நான் எப்போதும் ஒரு குடம்தான் எடுத்து வருவேன். "சின்னவ ரெண்டு கொடம் தூக்கறா, உனக்கு ஒண்ணுக்கே மூச்சு வாங்குதா?" என்று அம்மா திட்டுவாள். கனத்துக்காக இல்லை. எனக்கு ஒரு கை வேண்டும்.

மத்தியானம் அரிசியில் கல் பொறுக்கினேன். சாயங்காலம் துணி மடித்தேன்.

மே 5, திங்கள்

எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரில் அடிபம்பு இருக்கிறது. அதன் தலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்து, குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். பாத்திரம் கழுவ, துணி துவைக்க, மாட்டுக்குக் காட்ட மட்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தச் சிவப்பு கிடையாது. ஊரே அதைக் குடித்தது. அதனால் ஊருக்கே காவிப் பல். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு. மாதம்மா அக்காவுக்கு என்னுடையதைவிட மோசம். ஆனாலும் அவள் வாயை மூடிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுக்கென்ன, பிள்ளைக்கே கல்யாணம் ஆகப்போகிறது.

பூவிழி கைக்குழந்தையாக இருந்தபோது ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்தது. அவள் அதைக் குடித்து வளர்ந்தாள். ஒரே அம்மா, ஒரே வீடு, ஒரே சோறு. மூன்று வருடம் முந்திப் பிறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

இன்றைக்கும் எலுமிச்சம்பழத் தோலில் சோடா உப்பைத் தொட்டுத் தேய்த்தேன். தேய்க்கும்போது வெள்ளையாகத் தெரிகிறது. காய்ந்ததும் பழையபடி ஆகிவிடுகிறது.

மே 7, புதன்

பச்சைத் தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது. இடது பக்கமாகக் குடித்தேன்.

மே 8, வியாழன்

பூவிழி பெரியவளாகிவிட்டாள்.

காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் நேரம். அம்மா அவளை முன்னறை மூலையில் உட்கார வைத்தாள். மாமாவுக்குப் போன் போட்டாள். மாமா என்றால் அம்மாவின் தம்பி முனிரத்தினம். அந்தக் காலம் மாதிரி வெளியே குடிசை கட்டவில்லை. மூலையில் பச்சைத் தென்னங்கீற்றைச் சாத்தி மறைப்புக் கட்டினார். பதினோராம் நாள், பதினெட்டாம் தேதி ஞாயிறு, தண்ணீர் ஊற்றி விசேஷம். அதுவரை அவளுக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர், தனிக் குடம். புது மஞ்சள் குடம். அதில் வேறு யாரும் மொண்டு குடிக்கக் கூடாது. வீட்டுத் தண்ணீரோடு அதைக் கலக்கவும் கூடாது.

"சங்கவி, அவளுக்குத் தண்ணி எடுத்தாந்து ஊத்தறது உம் பொறுப்பு. எனக்கு இடுப்பு முடியல" என்றாள் அம்மா.

சரி என்றேன்.

கீற்றுக்குப் பின்னாலிருந்து பூவிழி, "அக்கா, எனக்கு போர் அடிக்கும்டி. நீ பேக்கரியில இருந்து ஏதாச்சும் எடுத்துட்டு வா" என்றாள். நொறுங்கின ரஸ்க் எடுத்து வருகிறேன் என்றேன். அதற்கும் சிரித்தாள். கீற்றுக்குப் பின்னால் இருந்தாலும் அவள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

மே 9, வெள்ளி

நான் பெரியவளானபோது ஊரடங்கு. மாமா மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து, வாசலிலேயே ஒரு பாவாடை தாவணியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்துவிட்டு போலீஸுக்குப் பயந்து ஓடினார். அம்மா வீட்டுக்குள்ளேயே தண்ணீர் ஊற்றினாள். போட்டோ இல்லை.

பூவிழிக்குப் பந்தல் போடுகிறார்கள். வீடியோ உண்டு. ரோட்டோரம் பெரிய பிளெக்ஸ் பேனர்.

மாஸ்க் போட்ட காலத்தைப் பற்றி எல்லோரும் கஷ்டகாலம் என்கிறார்கள். எனக்கு அது நல்ல காலம். பள்ளி மறுபடி திறந்தபோதும் ஒரு வருடத்துக்கு மேல் மாஸ்க் இருந்தது. தமிழ் வகுப்பில் செய்யுள் ஒப்புவித்தேன். கணீரென்ற குரல் என்று டீச்சர் சொன்னார். பிறகு மாஸ்க் வேண்டாம் என்றார்கள். அந்த வருடம்தான் அம்மாவுக்கு இடுப்பு வலி அதிகமாயிற்று. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். இடுப்பு வலிக்காகத்தான்.

மே 10, சனி

இன்று குழாய்க்குப் போகவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தண்ணீர், அப்பா போய்ப் பிடித்து வந்து வீட்டு டிரம்மை நிரப்பினார். மஞ்சள் குடத்தை நான் கிட்டத்திலேயே நிரப்பிவிட்டேன்.

மே 11, ஞாயிறு

மஞ்சள் குடம் நிரப்பினேன். ரஸ்க் கொடுத்தேன்.

மே 12, திங்கள்

பேக்கரி பின்கட்டில் ரஸ்க்கைப் பாக்கெட் போடும்போது வாய்க்கு மாஸ்க் கட்டிக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி இதைச் சொன்னதுமே எனக்கு இந்த வேலை பிடித்துவிட்டது. முன்னால் கவுண்டரில் நிற்பவர்கள் மாஸ்க் போட வேண்டாம். அதனால் அங்கே போக நான் கேட்டதே இல்லை.

என்னோடு பாக்கெட் போடுகிறவள் ரிஸ்வானா. எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. இன்று அவள் பிறந்தநாள். குச்சி ஐஸ் வாங்கி வந்தாள். நான் மறந்துபோய்க் கடித்துவிட்டேன். தலைக்குள் கம்பி பாய்ந்த மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏய், என்னடி ஆச்சு? என் பொறந்தநாளுக்கு இவ்ளோ உருகறியா?"

"பல்லு கூசுது."

"எதப் போட்டுத் தேய்க்கற?"

சொன்னேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பல்லுக்கு ஊறுகாய் போடறியா நீ?" என்றாள். பிறகு, அவள் அண்ணி ஆன்லைனில் வாங்கிய பேனா ஒன்று பாதி மிச்சம் இருக்கிறது, பல்லில் தடவினால் வெள்ளையாகும், நாளைக்கு எடுத்து வருகிறேன் என்றாள். டாக்டரிடம் போனால் நிறைய ஆகும் என்று அவளே சொன்னாள்.

விசேஷத்தன்று மேடையில் பூவிழிக்குப் பக்கத்தில் தட்டுப் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும். தட்டுக்கு இரண்டு கையும் வேண்டும். வீடியோக்காரன் சிரிங்க சிரிங்க என்பான்.

மே 13, செவ்வாய்

கிருஷ்ணவேணி சித்தி வந்துவிட்டாள், விசேஷ வேலைக்கு ஒத்தாசையாக. அவள் பையன் மித்ரனுக்கு இரண்டு வயது நடக்கிறது. தூக்கினால் இறங்க வேண்டும், இறக்கினால் தூக்க வேண்டும். என்னைக் கண்டால் வருவதில்லை. நான் அவனிடம் சிரித்திருந்தால் வந்திருப்பான்.

பூவிழி கேட்டாள். "அக்கா, தண்ணி என்னமோ மாதிரி இருக்குது?"

"புதுக் கொடம் இல்ல, அப்படித்தான் இருக்கும்."

"ஓ" என்றாள். ஒரு டம்ளர் மொண்டு முழுதும் குடித்தாள்.

நாங்கள் எல்லோரும் குடித்து வளர்ந்த தண்ணீர்தான். யாரும் செத்துப் போய்விடவில்லை.

மே 14, புதன்

மாமா பேனர் மாதிரியைப் போனில் காட்டினார். பூவிழி ஐந்து விதமாக நிற்கிறாள். ஐந்திலும் சிரிப்பு. கீழே வட்டம் வட்டமாகக் குடும்பத்தார் முகம். அப்பா, அம்மா, மாமா, அத்தை, சித்தி, சித்தப்பா, மித்ரன்கூட. என் வட்டத்தில் ஆறாம் வகுப்பு அடையாள அட்டைப் படம் இருந்தது. இரட்டைச் சடை, வாயை இறுக்கி மூடியிருந்தேன்.

"உன் போட்டோ ஒண்ணாச்சும் கை இல்லாம இருந்தாத்தானே? எல்லாத்துலயும் வாயப் பொத்திட்டு நிக்கற. கொட்டாவி விடற மாதிரி இருக்குது" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே, "நம்ம பூவிழிக்குப் பாரு, சிரிச்ச மொகம். எங்கம்மா ஜாடை" என்றார்.

பாட்டிக்கும் காவிப் பல்தான். ஜாடையாம்.

ரிஸ்வானா கொடுத்த பேனாவை, பின்னால் போய்க் கண்ணாடி வைத்துத் தடவிக்கொண்டேன். காகிதத்தில் ஒரு தடவை என்று போட்டிருந்தது. நான் மூன்று தடவை தடவினேன்.

மஞ்சள் குடம் நிரப்பினேன்.

மே 15, வியாழன்

ஈறு ஓரம் வெள்ளையாக வெந்துபோயிருக்கிறது. மூச்சு இழுத்தாலே பல் கூசுகிறது. அம்மா ரசத்துக்குப் புளி கரைத்தாள், அந்த வாசனைக்கே எனக்கு வாய் கூசியது. சோற்றை ஆற வைத்து, குழைய வைத்து, விழுங்கினேன்.

பல்லைப் பார்த்தேன். காவி அப்படியே இருக்கிறது. காவியைச் சுற்றி இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. முன்பு ஒரு நிறமாக இருந்தது, இப்போது திட்டுத் திட்டாக இருக்கிறது.

பூவிழியின் பல்லையும் பார்த்தேன். தினமும் காலையில் பல் விளக்க அவளுக்கு நான்தான் சொம்பு வைக்கிறேன், கொப்பளிக்கும்போது பார்ப்பேன். இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

எழுதிவிட்டேன். எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும். மஞ்சள் குடத்தில் நான் ஊற்றுவது பம்புத் தண்ணீர். முதல் நாள் மட்டும் ஆற்றுத் தண்ணீர். மறுநாள் சும்மா சோம்பலில் செய்தேன். அதற்கு மறுநாள் சோம்பலில் இல்லை.

எனக்கு அவளை ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு பல், ஓரமாக, கொஞ்சம். அவளும் ஒரு தடவை வாயைப் பொத்தினால் போதும்.

மே 16, வெள்ளி, மத்தியானம்

பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

வலி தாங்க முடியவில்லை என்று காலையில் ரிஸ்வானாவிடம் சொன்னேன். பேனா கொடுத்தது அவள் என்பதால் அவளுக்கு என்னைப் பார்க்க முகமே இல்லை. முதலாளியிடம் அவளே பேசி, அவளே என்னைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சின்ன கிளினிக். டாக்டர் ஒரு பெண். அம்மாவைவிட வயது குறைவு.

"கையை எடும்மா" என்றார்.

ஒன்பதாம் வகுப்பில் டீச்சரும் இதையேதான் சொன்னார். செய்யுள் ஒப்புவிக்க நின்றபோது, மாஸ்க் இல்லாத முதல் வாரம். கையை எடுத்துட்டு சொல்லும்மா. எடுத்தேன். முன் பெஞ்சில் யாரோ, "ஏய், செங்கல் சூளை" என்றார்கள். அதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

டாக்டருக்கும் கையை எடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. விளக்கைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார்.

"எதெல்லாம் போட்டுத் தேய்ச்ச?"

"எலுமிச்சம்பழம்... சோடா உப்பு... அப்புறம் கரித்தூள் ஒண்ணு, பேன்சி ஸ்டோர்ல. அப்புறம் பேனா."

"சாணிப் பவுடர் மட்டும்தான் பாக்கியா?"

ரிஸ்வானா சிரித்துவிட்டு, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"இது அழுக்கு இல்லம்மா, தேய்ச்சா போறதுக்கு" என்றார் டாக்டர். "பல்லு ஈறுக்குள்ள உருவாகறப்பவே இப்படித்தான் உருவாயிருக்கு. நீ தேய்ச்சது காவியை எடுக்கல, பல்லோட மேல்தோலைத்தான் எடுத்திருக்கு. அதான் கூசுது."

முதலில் கூச்சம் அடங்க வேண்டுமாம். அதற்கென்று ஒரு பேஸ்ட் எழுதிக் கொடுத்தார். மெத்தென்ற பிரஷ். புளிப்பு, ஐஸ், எலுமிச்சை எதுவும் கூடாது. அதன் பிறகு, காவி இருக்கும் இடத்தை மட்டும் மருந்து வைத்து மெல்லிசாகத் தேய்த்து எடுப்பார்களாம். அதற்குப் பிறகு வேண்டுமானால் வெள்ளையாக்கும் மருந்து, அதுவும் அவர் கண் முன்னால். முழு வெள்ளை வராது, பாதிக்குமேல் குறையும் என்றார். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு நான் தீபாவளி வரை ரஸ்க் கட்ட வேண்டும்.

"மொத்தமா வேணாம். முன்னாடி தெரியற நாலு பல்லு மட்டும் முதல்ல பண்ணலாம். கூச்சத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலயே பாப்பாங்க, அங்க போ, காசு மிச்சமாகும். ஆனா உனக்குப் பதினெட்டு ஆகல. அம்மாவோடதான் வரணும்."

தலையாட்டினேன். எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், இப்ப ஒரு பொண்ணு அந்தத் தண்ணியக் குடிச்சா, பல்லு இந்த மாதிரி ஆக எத்தன நாளாகும்?"

"எத்தன வயசுப் பொண்ணு?"

"பதினாலு."

"ஆகவே ஆகாது. பல்லுதான் வெளிய வந்துருச்சே. எலும்புக்கு நல்லதில்ல, குடிக்க வேணாம். ஆனா பல்லுல கறை ஏறாது."

எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். அதையும் எழுதிவிடுகிறேன். இவ்வளவு நாள் வீணாகச் சுமந்தோமே என்றுதான் இருந்தது.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "சின்னக் குழந்தைங்களுக்குத்தான் பார்த்துக்கணும். ரெண்டு வயசு, மூணு வயசுல, பெரிய பல்லு உள்ள உருவாகிட்டு இருக்கும். அப்ப குடிக்கறதுதான் ஏழு வயசுல காவியா வெளிய வரும். உங்க ஊட்ல சின்னப் பசங்க இருக்காங்களா?"

"சித்தி பையன் இருக்கான். அவன் ஆத்துத் தண்ணிதான் குடிக்கறான்" என்றேன்.

பஸ் வருகிறது.

மே 16, வெள்ளி, சாயங்காலம்

வீட்டுக்குள் நுழையும்போது மித்ரன் கீற்றை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. கையில் பூவிழியின் டம்ளர்.

"இன்னும் வேணுமாடா தங்கம்?" என்று உள்ளேயிருந்து பூவிழி கேட்டாள்.

"வேணும்" என்று அவன் திரும்ப உள்ளே போகப் பார்த்தான்.

சித்தி பந்தல்காரனுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். "இவன் எங்கிட்ட ஒரு வாய் குடிக்க மாட்டேங்கறான். வந்த நாள்லேருந்து அக்கா கையாலதான் குடிக்கணுமாம்" என்று பெருமையாகச் சொன்னாள். "கொழந்தைக்கு ஏது தீட்டு? விட்டுட்டேன்."

வந்த நாளிலிருந்து.

நான் டம்ளரைப் பிடுங்கினேன். அவன் அழுதான். கீற்றைத் தள்ளி உள்ளே போய் மஞ்சள் குடத்தைத் தூக்கி வாசலில் கவிழ்த்தேன். பந்தலுக்குக் கொட்டியிருந்த மணல் எல்லாம் நனைந்தது.

அம்மா ஓடி வந்தாள். "என்னடி பண்ற? பைத்தியமா புடிச்சிருக்குது? அவ கொடத்த ஏன் தொடற?"

"அது பம்புத் தண்ணி."

"என்னது?"

"பம்புத் தண்ணிம்மா. நான்தான் ஊத்தினேன்."

"இன்னிக்கா?"

"ரெண்டாம் நாள்லேருந்து."

சித்தி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். மித்ரனைத் தூக்கி, முந்தானையால் அவன் வாயை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். உள்ளே போனதை வெளியே துடைக்கிறாள். அம்மா கையை ஓங்கினாள். அடித்திருக்கலாம்.

"அம்மா, அக்காவத் திட்டாத" என்றாள் பூவிழி. கீற்றுக்குப் பின்னாலிருந்து முகம் மட்டும் தெரிந்தது. "எனக்கு அன்னிக்கே தெரியும். ருசி தெரியாதா? கொழாய்க்குப் போனா அவங்கல்லாம் அக்காவக் கிண்டல் பண்றாங்க. அதான் கிட்டத்துலயே புடிக்குதுன்னு பேசாம குடிச்சேன். இவனுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியலம்மா."

தெரிந்தே குடித்திருக்கிறாள். எனக்காக. பல்லும் அவளுக்கு, நல்ல குணமும் அவளுக்கு. அந்த நேரத்திலும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

"அதுக்காக இல்ல பாப்பா" என்றேன். "உன் பல்லு என் பல்லு மாதிரி ஆகணும்னு ஊத்தினேன்."

பந்தல்காரன் கம்பத்தைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்தான். பூவிழி வாயை மூடிக்கொண்டாள். உதட்டுக்குள்ளே நாக்கு பல்லைத் தடவிப் பார்ப்பது வெளியே தெரிந்தது. பிறகு அவள் கை மெதுவாக மேலே வந்து வாயைப் பொத்தியது.

நான் கேட்டதுதான். பார்க்க முடியவில்லை.

"ஆகாது" என்றேன். "உனக்கு ஒண்ணும் ஆகாது. டாக்டரக் கேட்டுட்டேன். கையை எடு."

அவள் எடுக்கவில்லை.

மித்ரன் தண்ணீர் தண்ணீர் என்று அழுதுகொண்டே இருந்தான். வீட்டு டிரம்மைத் திறந்தேன். விருந்தாளிகள் வந்ததில் அடி தெரிந்தது. இனி நாளை மறுநாள்தான் குழாய். மஞ்சள் குடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். சித்தி பையனுக்கென்று கொண்டுவந்திருந்த சின்னக் குடத்தை எடுத்தேன். சித்தி தடுக்கவில்லை.

மாதம்மா அக்கா வீட்டில் எப்போதும் இரண்டு டிரம் நிறைய ஆற்றுத் தண்ணீர் இருக்கும். அவள் வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் நிற்கும் அதே பெண்கள்தான். கொட்டை ஒரு பக்கம், புளி ஒரு பக்கம். அந்த வாசனைக்குத் தெருமுனையிலேயே எனக்குப் பல் கூசியது.

என்னைப் பார்த்ததும் எல்லாருடைய கையும் நின்றது.

"அடடே, யாரு வர்றது? வழி தவறிட்டியா?" என்றாள் மாதம்மா அக்கா. "என்ன வேணும்? தலைய ஆட்டாத, எனக்கு சைகை புரியாது. வாயத் தொறந்து சொல்லு."

ஒரு கையில் மஞ்சள் குடம். மறு கையில் சின்னக் குடம். இரண்டையும் கீழே வைக்கவில்லை.

"ரெண்டு கொடம் ஆத்துத் தண்ணி குடுங்கக்கா" என்று கேட்டேன்.